நூலகர் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால்

மார்ச் 3, செவ்வாய்

நூலகத்தில் ஸ்கேனரை நிறுத்திய முதல் நாள். மாடிக்கு லிஃப்ட் வைக்கப்போகிறார்கள். கட்டடத்துக்கு வரைபடம் கிடையாது, கட்டியவரும் இல்லை. லேசரால் மூலைமுடுக்கெல்லாம் அளந்து, கணினிக்குள் அதே கட்டடத்தை எழுப்பித் தர வேண்டும். அளப்பது நான். எழுப்புவது என் மச்சினன். எந்தக் கோணல் சுவரைக் கொடுத்தாலும் தொண்ணூறு டிகிரிக்கு நிமிர்த்திவிடுவான் என்பதால் ஆபீசில் அவன் பெயர் நேர்கோடு.

நூலகர் அம்மா மூலையில் நாற்காலி போட்டு அசையாமல் இருக்கிறார். முழங்கால் வலி. மாடி ஏறி மூன்று வருடமாம். பாதிப் புத்தகம் மேலேதான். "நான் அடுக்கினத எவனெவனோ கலைச்சு வச்சிருப்பான். லிஃப்ட் வரட்டும், இருக்கு அவனுங்களுக்கு!"

ஸ்கேன் ஓடும்போது ஆள் இருக்கக் கூடாது என்றேன்.

"நான் ஆளா? இங்க நானும் ஒரு அலமாரிதான். நீங்க ஓட்டுங்க."

மார்ச் 4

அம்மா ஒரு நோட்டுப் போட்டு எங்கள் தொழில் சொற்களைச் சேர்க்கிறார். விட மாட்டேன் என்கிறார். புள்ளிமேகம் என்றால்? லேசர் பட்ட இடத்திலெல்லாம் ஒரு புள்ளி. கோடிக்கணக்கில் சேர்ந்தால் கட்டடமே மேகம் மாதிரி திரையில் நிற்கும். எழுதிக்கொண்டார். இரைச்சல்? தூசி, கண்ணாடி மினுக்கல், நடுவில் வந்த ஆள் என்று வேண்டாத புள்ளிகள். அதை அழித்துவிடுவோம்.

"அப்ப நானு?"

"நீங்களும் இரைச்சல்தாம்மா."

"முப்பது வருஷமா 'சத்தம் போடாதீர்'னு போர்டு மாட்டி வச்ச என்னையவா!"

சாயங்காலம் கிளம்பும்போது இன்னொன்று கேட்டார்: நிழல். ஏதாவது மறைத்தால் அதற்குப் பின்னால் லேசர் போகாது; புள்ளியே இல்லாத அந்த ஓட்டைதான் நிழல் என்றேன். அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

மார்ச் 5

பதினான்கு ஸ்கேன். பதினான்கிலும் அம்மா. மூலைப் பக்கம் இன்னொன்று வைத்திருக்கலாம். ஆனால் பசி. சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10

நேர்கோடு மாடலை முடித்துவிட்டான். அம்மாவை அழித்து, அவர் இருந்த இடத்தில் சுவரை இழுத்துவிட்டிருக்கிறான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. மேனேஜர் சிரித்தார்! ஜனவரியில் வேறொரு கட்டடத்தில், ஸ்கேன்களை ஒன்றோடொன்று பொருத்தச் சுவரில் நான் ஒட்டிய அடையாள அட்டை கழன்று விழ, அதை வேறு சுவரில் ஒட்டித் தொலைத்தேன். மாடலில் இரண்டு அறை ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டது. அதற்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறார். "இன்னொரு தடவ ஆச்சுன்னா வேற வேல பாத்துக்க" என்று அன்றைக்குச் சொன்னது காதிலேயே இருக்கிறது.

லிஃப்ட் ஆர்டர் வெள்ளிக்கிழமை காலை போகிறது. அளந்து செய்யும் பெட்டி. அப்புறம் மாற்ற முடியாது.

மார்ச் 12, வியாழன்

என்ன சனியனோ.

பெருமையடித்துக்கொள்ளத்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அம்மா திரையில் தன் மூலையைத் தேடினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என் தூண் எங்க?"

"எந்தத் தூண்?"

"நான் சாஞ்சு உக்காருற தூணு. முதுகு தேஞ்சுபோச்சு, எனக்குத் தெரியாதா?" நோட்டைப் புரட்டினார். "நிழல். ஏதாவது மறைச்சா பின்னால புள்ளி விழாது. நீங்க சொன்னதுதான். நான்தானே மறைச்சேன்?"

நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன். சுவரிலிருந்து பதினொரு சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு தூண் நிற்கிறது. லிஃப்ட் வருவது அதே மூலையில். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நாங்கள் விட்ட இடைவெளி ஐந்து. அடக் கடவுளே. பெட்டி வந்து இறங்கி, நுழையாமல் வாசலில் நின்றிருக்கும். அம்மா கீழேயே. நான் தெருவில்.

நேர்கோட்டுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஓட்டைய ஓட்டையா விட வேண்டியதுதானேடா!" வீட்டுக்கு வந்தால் மனைவி: "என் தம்பிய வையறது இருக்கட்டும். அந்த மூலையில நீங்க ஏன் ஒரு ஸ்கேன் வைக்கல?" பசித்தது என்றா சொல்வது?

மேனேஜரிடம் சொல்லாமல், தூணை மட்டும் வரையச் சொல்லிச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாமா? ஆனால் அந்த அளவை வைத்து முழுக் கணக்கும் போட்டாயிற்றே. வேறு வழியில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கே போய் நிற்க வேண்டும். பயமாக இருக்கிறது.

மார்ச் 13

சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆர்டரை நிறுத்தினார்கள். வேலை போகவில்லை, ஆனால் மூன்று மாதத்துக்கு வாயைத் திறக்கக் கூடாதாம்.

மார்ச் 14

மறு ஸ்கேன். நேர்கோடும் வந்தான். அம்மா தானே எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். "இரைச்சல் வெளிய போயிருச்சு. ஓட்டுங்க." பெட்டி ஏழு சென்டிமீட்டர் சின்னதாகும். நேர்கோடு தூணைத் தடவிப் பார்த்து, "கோணலாத்தான் இருக்கு" என்றான். அப்படியே கோணலாக வரைகிறானாம். பார்ப்போம்.

ஜூலை 9, வியாழன்

லிஃப்ட் வைத்தபிறகு சரிபார்க்கும் ஸ்கேன். கீழ்த்தளத்து மூலையில் அம்மா இல்லை, லிஃப்ட் நிற்கிறது. தூணில் மட்டும் முதுகு தேய்ந்த பளபளப்பு. மேலேயிருந்து குரல்: "இந்த வரிசைய யாரு இப்படி அடுக்குனது? யாருன்னு கேக்குறேன்!"

மாடிக்குப் போனேன். அலமாரிக்கு நடுவே, அதே நாற்காலியில், மடி நிறையப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் போய் இன்னொரு ஸ்கேன் வைத்துக்கொண்டேன்.