உங்களுக்கு வந்தால்தான் நோய்

அக்கா,

இன்று காலை பேரன் தோசைக்கல்லில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தான். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் எனக்கு உங்கள் மேல் பழைய எரிச்சல் வந்துவிட்டது. செத்துப்போனவர்கள் மேல் எரிச்சல்படக் கூடாது என்பார்கள். என்ன செய்ய, வந்துவிட்டதே. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பசிக்கு ரொட்டி தின்கிறார்கள். அந்தக் காலத்துத் திருமானூரில் ஒரு வீட்டுக்கு ரொட்டி போகிறது என்றால் அங்கே யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். நம் வீட்டுக்கு அது வந்ததெல்லாம் உங்களுக்காகத்தான்.

நாம் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். மூத்தவருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் உத்தியோகம், குவார்ட்டர்ஸ் வீடு, உடம்புக்கு முடியாவிட்டால் சம்பளத்தோடு லீவு. என்னவருக்குக் கொள்ளிடக்கரையில் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். லீவு போட்டால் கரும்பு காய்ந்துவிடும். நீங்கள் பெரம்பலூரில் பதினொன்றாவது வரை படித்தவர். நான் எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். மாமியாரோடு ஊரில் கிடந்தவள் நான். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் நீங்கள்.

வந்த மறுநாளே உங்களுக்குத் தலை வலிக்கும். "அதுக்கு வெயிலு ஒத்துக்காது, பாவம்" என்று மாமியார் தானே பாயை விரிப்பார். பகலில் நான் சுவரில் சாய்ந்தாலே "வூட்டுக்கு வெளங்குமா?" என்று கேட்கிற அதே மாமியார். உங்கள் நெற்றிக்குத் தைலம் தேய்த்துவிடுவார். பிள்ளைகள் சத்தம் போட்டால் அதட்டுவார். என்னவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் ரொட்டி வாங்கி வருவார். நான் பாலைக் காய்ச்சி எடுத்து வந்து வைப்பேன். நீங்கள் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அப்படியே வைத்துவிடுவீர்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ரொட்டிக்கு ஆசைப்படவில்லை நான். எனக்காக ஒருவர் சைக்கிளை எடுக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

அதோடு விடுவீர்களா? உபதேசம் வேறு. "தண்ணியக் காய்ச்சிக் குடிங்கடி. பாதி நோவு தண்ணியிலதான் வருது."

"காய்ச்சலாம்க்கா. வெறவு யாரு பொறுக்கறது?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. உங்கள் அடுப்பில் மண்ணெண்ணெய் எரிந்தது, என் அடுப்பில் நான் தலையில் சுமந்து வந்த கருவேல முள் எரிந்தது. சோறு வடிக்கவே அது போதவில்லை. காய்ச்சிய தண்ணீர் உங்களுக்கு நல்ல பழக்கம், எனக்கு இன்னொரு சுமை. இது தெரியாத படிப்பு என்ன படிப்பு என்று பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தேன்.

பிறகு எனக்கு வந்தது. சின்னவன் பிறந்து இரண்டு வருஷம் இருக்கும். மாதத் தூரம் வந்தால் உதிரம் நிற்காது. வயலில் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். மாமியாரிடம் சொன்னேன். "பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும். நானெல்லாம் ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சதே இல்ல" என்றார். அதை அவர் பட்டம் வாங்கியதுபோலச் சொல்வார். என்னவரிடம் சொன்னேன். "வெட்டு முடியட்டும், பாக்கலாம்" என்றார். கரும்பு வெட்டு முடிந்தது, நடவு வந்தது. நடவு முடிந்தது, களையெடுப்பு வந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கே கால் வீங்கியபோதும் இதையேதான் சொன்னார். எங்கள் வீட்டில் நோய்க்கு முறை வரவே வராது.

திருவிழாவுக்கு வந்த நீங்கள் கிணற்றடியில் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தீர்கள். "ஏண்டி, இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"எத்தன மாசமா?"

நான் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினேன். நீங்களும் மேலே கேட்கவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். இவ்வளவுதான் உங்கள் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெட்டு தொடங்கிய நேரம். ஆலையில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார்: மூத்தவர் சம்சாரத்துக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, துணைக்குச் சின்னவளை அனுப்பச் சொன்னார்கள். வெட்டாவது ஒன்றாவது, வீடே பதறியது. "போடி போ, அது தனியா கெடந்து என்ன பண்ணும்?" என்று மாமியாரே என் துணியை மடித்துப் பையில் வைத்தார். பஸ் முழுக்க வயிறெரிந்துகொண்டு வந்தேன், அக்கா. எனக்கு முடியாதபோது நகராத கரும்பு வெட்டு உங்களுக்கு முடியாதபோது நகர்ந்துவிட்டது. என் ரத்தம் தரையில் போனாலும் சகஜம், உங்கள் தலைவலிக்கு ஊரே எழுந்து நிற்கிறது.

குவார்ட்டர்ஸ் வாசலில் நீங்கள் குத்துக்கல் மாதிரி நின்றீர்கள். "செருப்பக் கழட்டாத. டாக்டரம்மா போயிடுவாங்க, வா."

ஆஸ்பத்திரியில் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். டாக்டரம்மா "யாருக்கு?" என்று கேட்டார். நீங்கள் என் தோளை அழுத்தி முக்காலியில் உட்கார வைத்தீர்கள்.

"இவளுக்குங்க. எனக்கு ஒரு கேடும் இல்ல. எனக்குன்னு சொன்னாத்தான் இவள அனுப்புவாங்க."

டாக்டரம்மா என் நகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "நடந்தா வந்தாங்க?" என்று உங்களைக் கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிள்ளைகள் தாயில்லாப் பிள்ளைகள் ஆகியிருப்பார்கள் என்று அதட்டினார். அதட்டு வாங்கியது நீங்கள். ரத்தம் ஏற்றினார்கள். மூத்தவர் கையெழுத்துப் போட, கர்ப்பப்பையில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அதன் பிறகு உங்கள் கட்டிலில் நான் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னவர் அண்ணியைப் பார்க்கக் கத்தரிக்காய்ப் பையோடு வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணி அடுப்படியில், பெண்டாட்டி கட்டிலில்.

"அண்ணி, ஒங்களுக்கு முடியலன்னாங்க?"

"ஆமா தம்பி, எனக்குத்தான். எனக்குப் பதிலா அவ படுத்திருக்கா."

அவர் கட்டில் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொன்னேன்" என்றேன்.

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நீங்கள் திரும்பி நின்று கத்தரிக்காய் நறுக்கினீர்கள்.

உயிர் கொடுத்தவர் மேல் இனிப் பொறாமை எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கப்புறம்தான் அதிகமானது. அதுவரை உங்கள் ரொட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், பிறகு உங்கள் சொல்லைப் பார்த்து. என் நிஜ நோய் நம் வீட்டில் சாக்குப்போக்கு. உங்கள் பொய் நோய் செய்தி. என் உயிரைக் காப்பாற்றக்கூட உங்கள் பெயரில்தான் நோய் வர வேண்டியிருந்தது. நன்றி சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் இது குறுக்கே வந்து நின்றது. கடைசி வரை சொல்லவேயில்லை.

போன வருஷம் திருச்சி ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். குழாய்களுக்கு நடுவே என் கையைப் பிடித்து, "இந்தத் தடவ நெசமாவே எனக்குத்தாண்டி" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம். நர்சு வந்து அதட்டினாள்.

முந்தாநாள் எனக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு. "என்னத்த, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று மருமகள் கேட்டாள். பேங்கில் வேலை பார்க்கிற பெண், கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். "ஒண்ணுமில்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டேன். "முடியலம்மா. இங்க வலிக்குது" என்று கை வைத்துக் காட்டினேன். அன்று என்னவரிடம் சொன்னதற்கு அப்புறம் இதுதான் முதல் தடவை, அக்கா. அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

வாயுதானாம், பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரும் வழியெல்லாம் நான் அழுதேன். வலியால் என்று நினைத்து மருமகள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வலி எப்போதோ போய்விட்டது. சொன்னதும் நம்பிவிட்டார்கள் என்பது இவ்வளவு சுகமா? இதை நீங்கள் கல்யாணமாகி வந்த நாள் முதல் அனுபவித்தீர்கள். எனக்கு எழுபதில் கிடைத்திருக்கிறது. பொறாமைப்படாமல் எப்படி இருப்பேன், சொல்லுங்கள்.