உங்கள் புளோரன்ஸுக்கு நானும் போனேன்

அக்கா,

குளிர்கால உடுப்புகளை மேலே ஏற்றி வைக்கலாம் என்று இன்று காலை அலுமாரியின் மேல்தட்டைத் திறந்தேன். போர்வைகளுக்குப் பின்னாலிருந்து உங்கள் சிவப்புத் தோல்பை சரிந்து என் தோளில் விழுந்தது. இத்தனை வருடமாகியும் அந்தத் தோலின் மணம் போகவில்லை. கதிரையில் ஏறி நின்றபடியே அதைக் கையில் எடுத்தேன். எனக்குத் துக்கம் வந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எரிச்சல்தான் வந்தது. மூன்று வருடமாக நான் கூட்டித் துடைக்கிற வீட்டில் இன்னும் எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறீர்கள் என்ற எரிச்சல்.

அந்தப் பையோடு, நாங்கள் வேலை செய்த லாச்சப்பல் புடவைக்கடைக்கு நீங்கள் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் மேல்மாடியில் சட்டை தைப்பீர்கள், நான் கீழே சேலை விரித்து மடிப்பேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் பின்னறையில் எல்லோரும் தேத்தண்ணி குடிப்போம். கலியாணம் கட்டி இருபது வருடம் என்று நீங்களும் அவரும் மூன்று நாள் புளோரன்ஸுக்குப் போய் வந்திருந்தீர்கள்.

"அங்கை ஆர் வீட்டில நிண்டனீங்கள்?" என்று காசுமேசையில் இருந்த மாலினி கேட்டாள்.

"ஒருத்தற்றை வீட்டிலயும் இல்லை. ஹோட்டல்ல."

"கோயில் ஏதும் இருக்கோ?"

"இல்லையடி. சும்மா நடந்தனாங்கள். கோப்பி குடிச்சனாங்கள். பின்னேரத்தில ஆத்தங்கரையில நிண்டனாங்கள்."

"சும்மா நடக்கவோ அவ்வளவு தூரம் போனனீங்கள்?"

நீங்கள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தீர்கள். எங்கள் சனத்துக்குப் பயணம் என்றால் லண்டனில் ஒரு கலியாணம், இல்லாவிட்டால் லூர்து மாதா, அதுவும் இல்லாவிட்டால் ஜெர்மனியில் ஒரு மாமா வீடு. புருசனும் பெண்சாதியுமாக ஒரு காரணமும் இல்லாமல் போய், கைகோத்துக்கொண்டு நடந்துவிட்டு வருவதை அன்றுதான் நாங்கள் கேள்விப்பட்டோம்.

பிறகு கைபேசியில் படங்களைக் காட்டினீர்கள். நகைக்கடைகள் வரிசையாக இருக்கிற அந்தப் பழைய பாலத்தில் நீங்கள் நிற்கும் படம் ஒன்று. நீல நிற நீளக் கோட்டு, விரித்துவிட்ட தலைமயிர், பின்னால் ஆறு. நீங்கள் கமராவைப் பார்க்கவில்லை. எதையோ பக்கவாட்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, எதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று தேடினேன். ஒன்றும் தெரியவில்லை.

ஆர்ஜொந்தெயில் இரண்டு வருடத்தில் முடிந்துபோன என் முதல் கலியாணம் உங்களுக்குத் தெரியும். அந்த ஆள் என்னைக் கூட்டிக்கொண்டு போன ஆகத் தூரமான இடம் சென்லசார் ரயில் நிலையம். அதுவும் வேலைக்கு எந்த ரயிலில் ஏற வேண்டும் என்று காட்டுவதற்காக.

நீங்கள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்கு ஏறியதும் நான் மாலினியிடம் சொன்னேன்: "பிள்ளையில்லாதவைக்கு என்ன, ஊர் ஊராச் சுத்தலாம்." அதைச் சொன்னது மாலினி இல்லை அக்கா, நான்தான். படிக்கட்டில் உங்கள் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மேலே போனது. பின்னேரம் வந்து, என் சட்டையின் கைத் தையலைச் சரிசெய்து தந்தீர்கள். கேட்டதா, கேட்கவில்லையா என்று கடைசிவரை நீங்கள் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடமே நோயில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில் கிழமைக்கு இரண்டு தரம் சூப் காய்ச்சிக்கொண்டு வந்தேன். கடையில் எல்லோரும் என்னை நல்லவள் என்றார்கள். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன், அது பொய்யில்லை. ஆனால் அவர் ருவாசி விமான நிலையத்தில் வேலையாக இருந்த நாட்களில் நான் கெதியாக வெளிக்கிட்டுவிடுவேன். அவர் இருந்த நாட்களில் பஸ்ஸைத் தவறவிடுவேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் நான் உள்ளே வந்தபோது அவர் கட்டில் விளிம்பில் இருந்து உங்கள் குதிக்காலுக்குக் கிறீம் பூசிக்கொண்டிருந்தார். விரல்களுக்கு இடையில்கூட விடாமல், அவசரமில்லாமல். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் தண்ணீர் எடுக்கப் போனதும் நீங்கள் கேட்டீர்கள்.

"என்னடி, அப்பிடிப் பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அக்கா."

"பார். பாக்கிறதுக்கு மட்டும் நான் விடுவன்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் கண்ணும் சிரிக்கவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு, கூசேன்வில் நகரசபையில் கையெழுத்து வைத்து அவரைக் கட்டினேன். மாலினி மட்டும் வந்தாள். அன்றைக்கும் 'பாக்கிறதுக்கு மட்டும்' என்ற உங்கள் சொல் என் காதுக்குள் இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

போன வசந்தகாலத்தில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "புளோரன்ஸுக்கு ஒருக்காப் போவமோ?"

வேறு ஊர் சொல்லியிருக்கலாம். இத்தாலியில் ஊருக்கா பஞ்சம்? ஆனால் எனக்கு வேறு ஊர் வேண்டாமாக இருந்தது. நீங்கள் நின்ற அதே ஊர்தான் வேண்டும். "ஓம்" என்றேன். பச்சை நிறத்தில் ஒரு நீளக் கோட்டும் வாங்கினேன். நீலத்தில் இன்னும் வடிவான ஒன்று இருந்தது. அதை வேண்டுமென்றே விட்டேன்.

அழகான ஊர்தான் அக்கா. சிவப்பு ஓடு போட்ட அந்தப் பெரிய கோபுரம் ஒவ்வொரு ஒழுங்கை முடிவிலும் எட்டிப் பார்த்தது. பெண்கள் வேலைக்குப் போகிறதைக்கூட விருந்துக்குப் போகிற மாதிரிப் போனார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முதல் அரை நாள் இந்த உலகத்தில் என்னைவிடக் குடுத்துவைத்தவள் இல்லை என்று நினைத்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தட்டுப்படத் தொடங்கியது. அவர் வரைபடமே பார்க்கவில்லை. "இஞ்சாலை திரும்பினால் ஒரு சின்னச் சதுக்கம் வரும்" என்பார், வரும். ஹோட்டலில் ஆற்றுப்பக்கம் யன்னல் உள்ள அறையைக் கேட்டு எடுத்திருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில், என்னைக் கேட்காமலே எனக்குக் காளான் போட்ட பாஸ்தா சொன்னார்.

"நான் காளான் தின்னிறேல்லையப்பா."

"ஓ... பிடிக்கும் எண்டு நினைச்சன்."

யாருக்குப் பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. முழுவதையும் தின்றேன். ஒரு துண்டு மிச்சம் வைத்தாலும் நீங்கள் வென்றதாகிவிடும் போலிருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் பாலத்துக்குப் போனோம். நகைக்கடைகள் நடுவில் முடிந்து ஆறு தெரிகிற இடத்தில் அவர் என்னை நிறுத்தினார். "கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லும். கையைக் கல்லிலை வையும். என்னைப் பாக்காதையும், அங்காலை பாரும்." கையை வைத்தேன். அங்காலை பார்த்தேன். அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த உங்கள் படத்துக்குள் அவர் என்னை நிறுத்திக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை.

கையை எடுத்துவிட்டுச் சனத்துக்குள் விறுவிறுவென்று நடந்தேன். அவர் ஓடிவந்து பிடித்தார்.

"என்னப்பா நடந்தது?"

"அக்கா நிண்ட இடத்திலை என்னை நிப்பாட்ட வேண்டாம். அக்கா திண்டதை எனக்குத் தர வேண்டாம். நான் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் விளங்காதது நல்லதாய்ப் போயிற்று. அவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"எனக்கு வேறை மாதிரித் தெரியாதப்பா. கட்டின புதுசிலை நான் முன்னுக்கு நடப்பன், அவள் பத்தடி பின்னாலை வருவாள். ஒருநாள் நடுறோட்டிலை நிண்டிட்டாள். பக்கத்திலை நட, இல்லாட்டி நான் வரமாட்டன் எண்டாள். அண்டையிலை இருந்துதான் நான் பக்கத்திலை நடக்கிறனான். எல்லாம் அவள் சொல்லித் தந்ததுதான். நான் உம்மை என்னெண்டு சந்தோசமா வைச்சிருக்கிறது?"

அக்கா, அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. உங்கள்மேல் இருந்த பொறாமை இரண்டு மடங்காகியது. ஊரை, அறையை, படத்தை விடுங்கள். நான் ஆசைப்பட்ட அந்த மனிதனையே நீங்கள்தான் ஆக்கி வைத்திருக்கிறீர்கள். அவர் என் குதிக்காலைத் தொடும்போதும் அது நீங்கள் பழக்கிய கைதான். இதற்கு நான் யாரோடு சண்டைக்குப் போவது?

அடுத்த நாள் காலை நான் சொன்னேன்: "இண்டைக்கு ரயிலிலை ஏறுவம். உங்களுக்குத் தெரியாத இடமா ஒண்டிலை இறங்குவம்."

முக்கால் மணித்தியாலம் போய், பெயரைச் சரியாக வாசிக்கக்கூட வராத ஒரு ஊரில் இறங்கினோம். பார்க்க ஒன்றுமே இல்லை. கடைகள் மத்தியானத்துக்குப் பூட்டிக் கிடந்தன. மழை வேறு பிடித்துக்கொண்டது. அவர் கைபேசியில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்களை இரண்டு தரம் ஒரே மதகடிக்குக் கொண்டுவந்து விட்டார். சப்பாத்துக்குள் தண்ணீர் போய், நடக்கும்போது சத்தம் போட்டது. திறந்திருந்த ஒரேயொரு கோப்பிக்கடையில் ஆறிப்போன பாணும் சீஸும் தந்தார்கள். "உமக்கு என்ன வேணும்?" என்று அவர் அன்றைக்குத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குப் பயந்தவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

திரும்பி வருகிற ரயிலுக்கு நிலையத்து வாங்குப் பலகையில் இருந்தோம். என் பச்சைக் கோட்டு நனைந்து பாரமாகிவிட்டது. அவர் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "அவளுக்கு இந்த ஊர் பிடிச்சே இராது."

பிறகு என்னைப் பார்த்தார். "உமக்கு?"

"எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ரயில் வந்து நின்ற பிறகும் நிற்கவில்லை.

பிள்ளையில்லாதவை என்று நான் அன்று சொன்னதற்கு என்னை மன்னியுங்கோ அக்கா. அதற்கு மட்டும்தான் மன்னிப்புக் கேட்கிறேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அவர் என் பக்கத்தில் நடக்கும்போது நீங்களும் கூட நடக்கிறீர்கள். சில நாள் அதைப் பொறுத்துக்கொள்கிறேன், சில நாள் முடியவில்லை. அப்படி முடியாத நாட்களில் அவர் வாங்கில் இருந்து சொன்ன அந்த ஒற்றை வசனத்தை எடுத்து எனக்குள்ளே சொல்லிப் பார்ப்பேன். உங்களுக்குப் பிடிக்காத ஒரு ஊர் இருக்கிறது. மழை பெய்கிற, கடை பூட்டிய, ஒன்றுமில்லாத ஊர். நீங்கள் வந்து நிற்கமாட்டீர்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.