கமலா நடத்திய மூன்று மாதம்

வியாழக்கிழமை, செந்தூல்.

இன்று கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவு கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியிருக்கிறது. கெட்ட கொழுப்பும் குறைந்திருக்கிறது.

“சூப்பர் லா அங்கிள்! நடந்தது வேலை செய்யுது. விடாம நடங்க,” என்றாள் நர்ஸ். “ஆன்டி எங்க, இன்னைக்கு வரலையா?”

“வீட்டுல இருக்காங்கம்மா,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கமலா இறந்து இருபத்தாறு நாள் ஆகிறது. அதன்பிறகு நான் ஒருநாள்கூட நடக்கவில்லை.

தினமும் மாலையில் அவள்தான் என்னை ஏரிப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போவாள். நான் பால் தேத்தண்ணி குடிக்க மாமாக் கடைப் பக்கம் திரும்பினால் சட்டையைப் பிடிப்பாள். “இன்னும் ஒரு ரவுண்டு வாங்க லா. வீட்டுக்குப் போய் சீனி இல்லாம தே ஓ போட்டுத் தரேன்.” அதெல்லாம் ஒரு தேத்தண்ணியா என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்.

இந்தச் சர்க்கரைக் கணக்கு கடந்த மூன்று மாதத்தைச் சேர்த்துச் சொல்லுமாம். அப்படியென்றால் தாளில் இருப்பது முக்கால்வாசி அவள் நடத்திய நாட்கள். அடுத்த தாளில் அவள் இருக்கமாட்டாள்.

மாலையில் நடக்கலாம் என்று காலில் மாட்டச் சப்பாத்தைத் தேடினேன். அவளுடையதுதான் முதலில் கைக்கு வந்தது. அதைப் பிடித்தபடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.