பர்ஜ் அடித்தவன் எழுதுவது

இன்று மத்தியானம் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து கான்ஃபிக் ஃபைல் மேனேஜரை, அதுதான் செட்டிங் ஃபைல்களைக் கட்டிக்காக்கும் புரோகிராமை, எடுக்க வேண்டியிருந்தது. கறுப்புத் திரையில் 'ரிமூவ்' என்று அடித்தேன். புரோகிராம் போய்விட்டது, செட்டிங் ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன என்று ஒரு வரி வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை மாப்ளே. பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். உன்னைப் பற்றி அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்ல?

மலைமேல் செம்மேட்டில் நாம் கூட்டாக பிரௌசிங் சென்டர் நடத்திய காலம். நான் மலைக்காரன், மரவள்ளிக் காட்டிலிருந்து நடந்தே வந்துவிடுவேன். நீயோ அடிவாரத்துச் சேந்தமங்கலத்து மிளகு மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. தினமும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே எழுபது வளைவும் ஏறி, வெளிறிப்போய் பஸ்ஸை விட்டு இறங்குவாய். மூன்று பழைய கம்ப்யூட்டர், ஒரு டயல்-அப் மோடம், அவ்வளவுதான் நம் சொத்து. நான் செட்டிங்கைக் கண்டபடி மாற்றுகிறேன் என்று அந்த மேனேஜரை ஏற்றியவன் நீதான். எல்லா ஃபைலையும் அது தன் ஃபோல்டருக்குள் வாங்கிக்கொண்டு, பழைய இடத்தில் ஃபைல் எங்கே என்று காட்டும் வழிகாட்டி மட்டும் வைத்துவிடும். எனக்குக் காவல் போட்டதுபோல் இருந்தது. கோபம்தான், வேறென்ன.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின நாள் நீ உங்கள் சொந்தத்தில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தாய். அந்த நேரம் பார்த்து அதைத் தூக்கினேன். மிச்சம் மீதி இருக்கக் கூடாதென்று, செட்டிங்கையும் சேர்த்துத் துடைத்துவிடும் 'பர்ஜ்' அடித்தேன். ஃபோல்டரும் சேர்ந்து போனது. மறுநாள் காலை மோடம் டயல் செய்யவே இல்லை. வாசலில் ஹால் டிக்கெட்டோடு இருபது பிள்ளைகள், நம்மை நம்பி, ரிசல்ட் பார்க்க மலையிறங்காமல் நின்றவர்கள். உனக்கு போன் போட்டு, மேனேஜரைத் தூக்கியதைச் சொன்னேன்.

"என்னடா அடிச்சே? ரிமூவா, பர்ஜா?"

"பர்ஜ்."

"ஏன்டா, ஊட்டை உட்டுக் கெளம்பறப்ப என்ன சொல்லுவே?"

"போயிட்டு வாரேன்னு."

"அது ரிமூவ். பர்ஜுன்னா 'போறேன்'. அப்படி யாராச்சும் சொல்லுவாங்களா? இரு, வாரேன்."

நகல் எடுத்து வைத்திருந்த சிடியோடு வந்து இறங்கினாய். அவசரத்தில் எலுமிச்சம்பழத்தை மறந்துவிட்டு, வழியெல்லாம் வாந்தி. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மேனேஜரை மறுபடி ஏற்றினாய், ஃபைல்களைத் திரும்பப் போட்டாய், மோடம் கீச்சிட்டது. முதலில் பார்த்த பெண் பாஸ். அவளுடைய அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கோணும் சாமி" என்றார். என்னை நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் சென்டரை மூடும்வரை, தினமும் பஸ் ஏறும்போது "ரிமூவ்டா மாப்ளே" என்று கத்திவிட்டுத்தான் போவாய். கண்டக்டருக்கு நீ ஒரு மாதிரி என்றே எண்ணம்.

போன வருடம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. நான் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் எங்கள் வழக்கம். என் பெரியப்பா வழியெல்லாம் அதைச் சொல்லித்தான் கூட்டி வந்தார். எழுந்தவன், வாய் தவறி உன் அம்மாவிடம், "போயிட்டு வாரேனுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். "வா கண்ணு. வராம இருந்துறாதே" என்றார்கள்.

மாதம் ஒரு ஞாயிறு அம்மாவைப் பார்க்கப் போய்விடுகிறேன் மாப்ளே. வாசல்வரை வந்து, நான் அதைச் சொல்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.