கரடிக்குத் திருப்பிய புத்தகம்

என் கடல்காரருக்கு,

லொஃபோடன் தீவுப் பக்கம் மீன் வலையில் விழுகிறதா, இல்லை உங்கள் குறட்டைக்கே ஓடிவிடுகிறதா? நான் வழக்கம்போலப் பள்ளி அடுக்களையில் கஞ்சியைக் கிண்டுகிறேன். மற்ற நேரத்தில் ஆட்களைக் கிண்டல் செய்கிறேன்.

மழலையர் வகுப்பில் இப்போது புது வழக்கம். கஞ்சி குடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தை எடுத்து, தன் பொம்மைக்குத் தானே படித்துக் காட்ட வேண்டும். யாரிடமும் பேசாத சிக்னே என்ற பிள்ளைகூடப் போன வாரம் தன் பொம்மைக் கரடியை எதிரே உட்காரவைத்துப் படித்தாள். புத்தகம் தலைகீழாக இருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"ஏன்டி குட்டி, தலைகீழா இருந்தாத்தான் உனக்கு எழுத்து தெரியுமா?"

வகுப்பே சிரித்தது.

"கரடிக்குப் படம் தெரியணும்ல, அத்தை" என்று மெல்லச் சொல்லிப் புத்தகத்தை மூடினாள். அப்புறம் அதைத் தொடவே இல்லை.

நான் எழுத்துக்கூட்டியபோது சிரித்தார்கள் என்றுதானே பள்ளிக்கூடத்தை விட்டேன், உங்களுக்குத் தெரியாதா?

இன்று அவளுடைய கரடியை என் எதிரே வைத்து, புத்தகத்தை அதன் பக்கம் திருப்பி நானே தலைகீழாகப் படித்தேன். சிக்னே ஓடிவந்து காதில் சொன்னாள்: "நேராப் புடிங்க அத்தை, எல்லாரும் சிரிப்பாங்க."

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வாயாடி