ரேடியோக் கூட்டப் பதிவேட்டில் நட்சத்திரம் கேட்பது குறித்து

அனுப்புநர்:
பாகீரதி, பள்ளி ஆசிரியை,
வலியசாலை, திருவனந்தபுரம்.
(வீட்டு நம்பர் தங்கள் பதிவேட்டில் உள்ளது. இப்போது ஊரில் பலரிடமும் உள்ளது.)

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
பொது ரேடியோ விளக்கக் கூட்டங்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: கூட்டத்திற்கு வருவோரின் விவரங்களைப் பிறர் பார்வைக்கு வைக்காதிருக்கக் கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. மாதாந்தரக் கூட்டத்திற்கு யாரும் வரலாம் என்று தாங்கள் அறிவித்ததால் நானும் வந்தேன். ஐந்து கூட்டங்களில் கேட்டதை வைத்து, இரண்டு வால்வு கொண்ட ரேடியோப் பெட்டி ஒன்றை என் கையாலேயே செய்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அதைச் சபையில் பாடவைத்துக் காட்டும்படி தாங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

2. வாசலில் பெயர் எழுதும் குமாஸ்தா சுப்பு அவர்கள் முன்பு கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதியவர். கைப்பழக்கத்தில் பெயர், நட்சத்திரம், கோத்திரம், வீடு என்று பதிவேட்டில் கோடு போட்டுவிட்டார். கேட்டவுடன் நட்சத்திரம் சொல்வது எங்களுக்கும் பழக்கம். நானும் உத்திராடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அது என் பிழைதான். நெய்யாற்றின்கரை நேசையன் அவர்கள் மட்டும் சற்று யோசித்து, அந்த இடத்தில் தம் ஞானஸ்நானத் தேதியை எழுதினார்.

3. கூட்டம் முடிந்த பிறகும் பதிவேடு வாசல் பெஞ்சிலேயே கிடக்கிறது. கல்யாணத் தரகர் பட்டாபி ஐயர் ஒரு கூட்டமும் தவறுவதில்லை. ஏரியல் எது, எர்த் எது என்று அவருக்குத் தெரியாது. பதிவேடு இருக்கும் இடம் நன்றாகத் தெரியும். இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஏழு ஜாதகங்கள் வந்துவிட்டன. கொண்டுவந்தவர்களில் ஒருவராவது என் ரேடியோவைப் பற்றிக் கேட்கவில்லை.

4. கேட்காமலே ஜாதகங்கள் வருவது எப்படி என்று விசாரித்து அறிந்த என் தகப்பனார், பதிவேடு பூட்டுக்குள் போகும்வரை நான் கூட்டத்திற்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

5. ஆகவே நட்சத்திரமும் கோத்திரமும் கேட்பதை நிறுத்தி, பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, யாரும் அதைப் பார்த்து எழுதக்கூடாது என்று உத்தரவிட வேண்டுகிறேன். அந்த உத்தரவின் நகல் ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் என் தகப்பனார் கைக்குக் கிடைத்தால், சனிக்கிழமை பெட்டி பாடும்.

6. ஏழாவது ஜாதகம் தங்கள் இல்லத்திலிருந்து வந்தது. அது தங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்றே நம்பி, இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தங்கள் குமாரர் விரும்பினால் சனிக்கிழமை வந்து ரேடியோ கேட்கலாம். பெயர் மட்டும் எழுதினால் போதும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
பாகீரதி

இடம்: திருவனந்தபுரம்
தேதி: 8-2-1939

இணைப்பு: ஜாதகம் ஒன்று.