ஏழாம் பாடத்தில் செத்தவர்கள்

என் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமென்று நம்புகிறேன் என்று ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்தாயிற்று, அந்த வரியின் பின்பாதிக்குக் கை வரவில்லை. நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இருக்கும் பகுதியில் குண்டு விழுந்து ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று செவ்வாய்க்கிழமை டிவியில் சொன்னான். அதிலிருந்து உன் போன் அடிக்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறதம்மா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சட்டைப் பொத்தானைக்கூட மாற்றி மாற்றிப் போடுகிறேன். உன் அம்மா மட்டும் உன் தலையணை உறையைத் துவைத்து மாட்டிவிட்டு, "ஊரே இல்லன்னு சொல்றவன் வீடு வீடா போயி எண்ணிப் பாத்தானா?" என்று கேட்டாள்.

வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அச்சகத்துக்குப் போனேன். சபைப் பிள்ளைகளின் பைபிள் பாடப் புத்தகம் பிழை பார்க்க, புரூஃபாக என் மேஜைக்கு வந்திருந்தது. ஏழாம் பாடத்தில் சவுல் ராஜா அமலேக்கிய ஜனங்களைக் கைக்குழந்தையைக்கூட விடாமல் அடியோடு அழித்துவிட்டான். பன்னிரண்டாம் பாடத்தில் அதே அமலேக்கியர் வந்து தாவீதின் ஊரைக் கொளுத்துகிறார்கள்! என் புத்தி எங்கே போகும், சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'பிழை. இவர்கள் ஏழாம் பாடத்திலேயே செத்தாயிற்று' என்று ஓரத்தில் எழுதினேன். வேதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, கை வைக்காதீர்கள் என்றார் புத்தகம் கொடுத்த போதகர். மல்லுக்கு நிற்கிற ஆள் நான், அன்றைக்குப் புரூஃபைக் கட்டி வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து வேதத்தை எடுத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. எரிந்த ஊரைப் பார்த்துத் தாவீதின் ஆட்கள் அழத் தெம்பில்லாமல் போகிறவரை அழுதார்களாம், கடைசியில், எதிரி பிடித்துக்கொண்டு போன பெண்டு பிள்ளைகள் ஒருவர் குறையாமல் உயிரோடு கிடைத்தார்கள். பிழை பார்த்தே இருபத்தாறு வருஷம் பிழைத்தவன், முதல்முறையாக ஒரு செய்தியில் பிழை இருக்க வேண்டுமென்று முழங்காலில் நின்றேன். மறுநாள் அந்த வட்டத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினேன், திருத்த வேண்டாமென்றால் எங்கள் தொழிலில் அப்படித்தான் எழுதுவோம்.

நிவாரண வண்டியில் தபால் எடுக்கிறார்களாம், மருந்துக்கடைக்காரர் சொன்னார், அவரிடம்தான் இதைக் கொடுக்கிறேன். ஜன்னலோரம் படுக்காதே, செருப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வை, தைரியசாலி வேஷம் போடாதே. கர்த்தர் உன்னைத் தன் கைக்குள் மூடி வைக்கட்டும். உன் கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொள்வாயே, இனிமேல் திருத்த மாட்டேன். மறக்காமல் ஒரு துண்டுத் தாளில் 'இருக்கேன்' என்று மட்டும் எழுதி அனுப்பு. எத்தனை பிழையோடு வேண்டுமானாலும் எழுது.

உன் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்
அப்பா